படலையடியில் இரும்பு

எட்மன் விறாந்தையில் சப்பாணி கட்டி இருந்து இசைத்தட்டுகளை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். மனைவி மார்கிரட் சோற்றுப்பசை தடவி உறைகளின் ஓரத்தை ஒட்டி அவனிடம் தள்ளினாள். தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே கொண்டுபோனவன் குடிக்காமல் திரும்ப வைத்தான்.

"தாடை இறுகிக் கிடக்கு. வாய் திறக்க ஏலாமல் கிடக்கு."

"பெடியளோடை சேர்ந்து நீங்களும் கத்தினால் அப்பிடித்தான்" என்றாள்.

அவன் பல்லைத் திறக்காமல் சிரித்தான். அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. சிறிது நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று அவளுக்கு விளங்கியது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஏற்பு, காயத்தால் வரும் வலிப்பு என்றார்கள். குதிக்காலில் இருந்த காயத்தைப் பார்த்து எதில் வெட்டியது என்று கேட்டார்கள். "இரும்பிலை" என்றாள். வியாழக்கிழமை விடியப்புறம் எல்லாம் முடிந்தது.

எட்மன் கப்பலில் வேலை செய்தவன். திரும்பி வரும்போது ஒரு மின்கிற்றாரும் ஒலிபெருக்கியும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் கொண்டுவந்தான். வளவின் பின்பக்கத்தில் சும்மா கிடந்த புகையிலைக் கொட்டிலின் சுவரெல்லாம் சாக்கு அடித்து, நாரந்தனைப் பெடியள் நாலு பேரைச் சேர்த்து அதற்குள் ஹெவி மெற்றல் வாசிக்கவைத்துப் பதிவு செய்தான். சென்னையில் தட்டு அடிப்பித்தான். மேளம் தகரம் தட்டுவதுபோல் கேட்கிறது என்று மாதிரித் தட்டை இரண்டு தரம் திருப்பி அனுப்பினான். பட்டணத்துக் கடைக்காரர் காதல் பாட்டு இருந்தால் தா என்றார்கள். அவன் தபாலில் விற்றான். கொழும்பு, திருகோணமலை, ஹம்பேர்க்கில் ஒரு பழைய கப்பல்காரன். கொம்பனிக்கு நங்கூரம் என்று பெயர் வைத்து, பலகையில் நங்கூரம் ஒன்று வரைந்து படலையில் தொங்கவிட்டான்.

மகன் என்ன செய்கிறான் என்று ஊர் கேட்டபோது அவனுடைய தகப்பன் பஸ்ரியாம்பிள்ளை "மெற்றல் யாவாரம்" என்றார். மெற்றல் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு "இரும்புதான்" என்றார். கொட்டிலில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். செபமாலை நேரத்தில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆளனுப்புகிறவரே அவர்தான். கோயில் சபைத் தலைவரான அவருக்கு மகன் இரும்பு வியாபாரியாக இருப்பது வசதியாக இருந்தது. படலையில் நங்கூரத்தைப் பார்த்த ஊர் நம்பிவிட்டது. வாளி, தாச்சிச் சட்டி, உடைந்த கலப்பைக் கொழு என்று கொண்டுவந்து படலையடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

"அப்பு எனக்கு நல்ல யாவாரம் பிடிச்சுத் தாறார்" என்று தகப்பனைச் சொல்லி எட்மன் சிரித்தான். எதையும் திருப்பிக் கொடுக்காமல் வேலியோரம் குவித்தான். பார்சல்களோடு வெளிக்கிட்ட ஒருநாள், அன்று புதிதாகக் கிடந்த கொழுவில் மிதித்தான். மார்கிரட் ஊசி போடச் சொன்னாள். முதலில் தட்டுகள் போகட்டும், சனிக்கிழமை போகிறேன் என்றான்.

உடலை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். விறாந்தைக் கதிரையில் பஸ்ரியாம்பிள்ளை இருந்தார். வானொலிக்கு மரண அறிவித்தல் எழுதக் கோயில் சபையிலுள்ள அப்புத்துரை கடதாசியோடு பக்கத்தில் குந்தியிருந்தார்.

"தொழில் என்னெண்டு போடுறது, அண்ணை?"

"இரும்பு வர்த்தகர் எண்டு போடும்."

மார்கிரட் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"அவர் ஆருக்கு இரும்பு வித்தவர், மாமா?"

"பிள்ளை, நீர் உள்ளுக்குப் போம். இலங்கை முழுக்கக் கேக்கப்போகுது."

"கேக்கட்டும். இசைத்தட்டு வெளியீட்டாளர் எண்டு போடுங்கோ."

"பேய்க்கத்தலுக்கு அப்பிடியும் ஒரு பேரோ?"

"நீங்கள் சொன்ன பொய்யாலைதானே ஊர் இரும்பைக் கொண்டுவந்து கொட்டினது. அந்தக் கொழுவை அவரோ வாங்கினவர்?"

ஒப்பாரி நின்றது. அப்புத்துரை பேனையை மூடினார்.

"எந்தக் கொழு, பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

பஸ்ரியாம்பிள்ளை துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துவாயை எடுக்காமலே, "தொழில் போடாமல் விடும்" என்றார்.

பின்னேரம் பக்கத்து வீட்டு வானொலியைச் சத்தமாக வைத்தார்கள். நாரந்தனையைச் சேர்ந்த எட்மன் காலமானார். பஸ்ரியாம்பிள்ளையின் அன்பு மகனும் மார்கிரட்டின் அன்புக் கணவருமாவார். நல்லடக்கம் நாளை பிற்பகல். அவ்வளவுதான். இரும்பும் இல்லை, பாட்டும் இல்லை. முப்பத்தாறு வயதுவரை ஒன்றும் செய்யாமல் இருந்து செத்த மனிசனின் அறிவித்தல்.

மார்கிரட் குசினிக்குப் போய்ச் சோறு குழைத்துப் பசை எடுத்துவந்தாள். மிச்சத் தட்டுகளைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்து உறை ஒட்டத் தொடங்கினாள். மாமனாரின் தங்கை அல்போன்சம்மா செபமாலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"செத்த வீட்டிலை என்ன பிள்ளை வேலை?"

"போகவேண்டிய பார்சல், மாமி."

"நாலு சனம் என்ன சொல்லும்?"

"நாலு சனத்துக்குச் சொல்லத்தானே இரும்பு இருக்கு."

கிழவி மணியை உருட்டினாள். மார்கிரட் ஒவ்வொரு பார்சலின் பின்புறத்திலும் பெரிய எழுத்தில் எழுதினாள்: எட்மன், இசைத்தட்டு வெளியீட்டாளர், நங்கூரம், நாரந்தனை.

காலையில் அவற்றை அப்புத்துரையின் கையில் கொடுத்தாள். "நேற்று அறிவித்தல் கொண்டுபோன அதே தபால் கந்தோரிலை போடுங்கோ." அவர் மேலே இருந்ததைத் திருப்பி, பின்புறத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். அவள் திரும்பி உள்ளே போனாள்.

அடக்கம் முடிந்து சேமக்காலையிலிருந்து வரும்போது பஸ்ரியாம்பிள்ளை அவளுக்கு முன்னால் நடந்தார். படலையைத் தொட்டவர் திறக்காமல் நின்றார். அவள் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தாள்.

நங்கூரப் பலகை அதே இடத்தில் தொங்கியது. அதன் கீழே, போகும்போது இல்லாத ஒரு துருப்பிடித்த சைக்கிள் றிம் வேலியோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது.