வடிவின் செருப்புச் சத்தம்

இலுப்பூர் தபாலாபீஸில் கவுண்டர் வேலை பார்க்கும் ரமீஜாவுக்கு அன்று அவள் பெயருக்கே ஒரு பார்சல் வந்திருந்தது. ‘வடக்குத்தெரு வீடு’ என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் புது டிஸ்க். அவளிடம் இருந்த சிடி கீறல் விழுந்து பாதியில் நின்றுவிடும். நல்ல பிரதி வராதா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். ஆனால் அட்டையில் ‘புதுப்பொலிவுடன்’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததுமே மனது சுணங்கியது. பழைய படங்களுக்குப் பொலிவு கூட்டுகிறோம் என்று இவர்கள் செய்கிற வேலைகள் அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் கணவன் முகமது அஸ்வரும் கூட உட்கார்ந்தான். சவூதியில் தம்மாமில் டிரைவராக இருந்துவிட்டு வந்து, இப்போது கடைவீதியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். முதல் காட்சியிலேயே நாயகி வடிவின் சேலை பளீரென்று பச்சையாக இருந்தது.

“கிளிப்பச்சை. நம்ம கடையில இந்த ஷேடுதான் நல்லாப் போகுது” என்றான்.

“அவ என்ன கலர் கட்டியிருந்தாள்னு இவங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“கலர்னா நல்லாத்தானே இருக்கு?”

டிவி முழுக்கப் படம் நிறைய வேண்டும் என்று மேலேயும் கீழேயும் வெட்டியிருந்தார்கள். மாமனார் நின்று பேசும்போது நெற்றியைக் காணோம். வடிவு அரிசி புடைக்கும் காட்சியில் முறமே தெரியவில்லை.

அவள் காத்திருந்தது கடைசிக் காட்சிக்கு. டீச்சர் வேலையை விடு, இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போ என்கிறார் மாமனார். வடிவு குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடக்கிறாள். வாசலில் நின்று கணவன் கூப்பிடுகிறான். திரும்புவதில்லை. தெரு முடிகிறவரை இசையே கிடையாது. செருப்புச் சத்தம் மட்டும். பள்ளிக்கூட நாளில் டிவியில் பார்த்தபோது ரமீஜா மூச்சுவிடாமல் பார்த்த காட்சி அது.

புது டிஸ்க்கில் வடிவு படியிறங்கியதும் வயலின்கள் கிளம்பின. பத்துப் பேர் சேர்ந்து ஹம்மிங் பாடினார்கள். மீதி நடையை வெட்டிவிட்டு, பாதித் தெருவிலேயே ‘வணக்கம்’ போட்டுவிட்டார்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், டிஸ்க் வெளியிட்ட சென்னைக் கம்பெனிக்குப் போன் செய்தாள். ஒவ்வொருவராக மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் ஒலி வேலை பார்க்கும் செந்தமிழன் என்பவன் எடுத்தான்.

“இசை இல்லாம விட்டா, சவுண்டு வரலைன்னு டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிடுறாங்க மேடம். முந்தின படத்துக்கு அப்படித்தான் ஆச்சு.”

“சத்தம் இருக்கே தம்பி. அவ செருப்புச் சத்தம் இருக்கே.”

“இருக்குங்க. இரைச்சலை எல்லாம் எடுத்து அதைச் சுத்தம் பண்ணுனதே நான்தான். அப்புறம் அது மேலயே வயலின் போடச் சொல்லிட்டாங்க.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னேன் மேடம். ஒவ்வொரு படத்துக்கும் சொல்றேன்.”

காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபமான வார்த்தைகளை இவனிடம் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. வயலின் போடாத பிரதி கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். ஆபீஸில் இருக்கிறது, விற்க மாட்டார்கள் என்றான். டிஸ்க்கைத் திருப்பி அனுப்பலாமா என்றாள். பிரித்துவிட்டால் எடுக்கமாட்டார்கள் என்றான். இரண்டு பேருமே அலுத்துப்போய் போனை வைத்தார்கள்.

வீட்டில் அஸ்வரிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது டிவியில் ‘வடக்குத்தெரு வீடு’ கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்தது.

“செட்டிங்ஸ்ல போயி கலரைப் பூராக் கொறைச்சுட்டேன். இங்கிட்டு வந்து ஒக்காரு” என்றான் அஸ்வர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்தாள். கடைசிக் காட்சி வந்ததும் அஸ்வர் ரிமோட்டை நீட்டி, வயலின் தொடங்கிய நொடியில் சத்தத்தை நிறுத்தினான். வடிவு நடந்தாள்.

“இப்பச் சரியா?”

“செருப்புச் சத்தமும் சேந்து போச்சுங்க.”

“அட, ஆமால்ல.” சத்தத்தைத் திருப்பி வைத்தான். ஹம்மிங் வந்தது. அவசரமாக மறுபடி நிறுத்தினான். அதற்குள் ‘வணக்கம்’ வந்துவிட்டது.

“இன்னும் எம்புட்டுத் தூரம் நடப்பா?”

“தெருக்கோடி வரைக்கும். அங்க ஒரு மாட்டுவண்டி நிக்கும். அதைத் தாண்டிப் போயிருவா.”

“அவன் மறுபடியும் கூப்புடுவானா?”

“ஒரு தடவை கூப்புடுவான். பேரை முழுசாச் சொல்ல மாட்டான். அவ நடை கொஞ்சம் தடுமாறும், ஆனா நிக்க மாட்டா.”

அவன் வெறும் திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் இந்தப் படத்தைப் பற்றி அவன் கேட்டதே இல்லை. அவளுக்கு இன்னும் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் உடம்பு அசந்துபோயிருந்தது.

“மிச்சத்தை நாளைக்குச் சொல்றேங்க” என்று சொல்லிவிட்டு, சோபாவிலேயே காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.