உம்பாய்க்கு எட்டாத எண்

மூன்று வாரமாக, வெள்ளிக்கிழமை வந்தால் போதும், மலாக்காவில், பத்து பெரண்டாம் ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் உம்பாய் ஊரில் இருக்கும் மீன் கிடங்குக்கும் நடுவே கம்ப்யூட்டர் லைன் செத்துப்போகிறது. ஆர்டர் போகாமல் லோரிகள் காத்துக் கிடக்கின்றன. லைன் கம்பெனியின் கவிநேசனோ சனிக்கிழமை வந்து, "லைன் ஓகேக்கா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வாரம் அவன் மேலாளருக்கே புகார் எழுதிவிட்டேன்.

இந்த வெள்ளி காலையிலேயே வரச் சொன்னேன். முகம் வாடி வந்து நின்றான்.

"தேவிஸ்ரீக்கா, இன்னிக்குக் கண்டுபிடிக்கலைனா என்னைக் கடல் தாண்டி சபா மாநிலத்துக்கு மாத்திடுவாங்க. வீட்ல அவளுக்கு ஒம்பது மாசம்."

"அப்ப ஒழுங்கா பாரு லா!" என்று கத்தினேன். உள்ளே சுருக்கென்றது.

லேப்டாப்பை மாட்டி, லைனில் ஓடுவதையெல்லாம் பிடித்தான். திரை முழுக்க எண்ணும் எழுத்தும். விரல் வைத்து வாசித்தான்.

"பத்து செகண்டுக்கு ஒரு தடவ ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணா ஏத்தி ஒரு நம்பர் அனுப்பும். 'உன்கிட்டேர்ந்து கடைசியா வந்தது இது'ன்னும் சொல்லும். நாம இப்ப முன்னூத்திப் பன்னெண்டு அனுப்புறோம். உம்பாய் 'நாப்பதுதான் வந்துச்சு'ங்குது. அது அனுப்புறது நமக்கு வருது. நாம அனுப்புற வயர்தான் கோளாறு. இருநூத்தி எழுபத்திரண்டு நம்பர் போகல, அப்படின்னா முக்கா மணி நேரம். இப்ப ஒம்பதே கால். எட்டரைக்கு என்னக்கா நடந்துச்சு?"

எட்டரை!

லைன் கருவி இருக்கும் அலமாரியைத் திறந்தேன். உள்ளே ஒட்டியிருக்கும் பிள்ளையாருக்கு வெள்ளிதோறும் எட்டரைக்கு மாலை போடுவது நான்தான். மூன்று வாரம் முன்பு ஆணி விழுந்துவிட்டதால் நூலை மஞ்சள் வயரில் இறுக்கிச் சுற்றியிருந்தேன். செய்தி வெளிச்சமாக ஓடும் அந்த மெல்லிய கண்ணாடி இழை வயர் மடிந்து கிடந்தது. சனிக்கிழமை காலை வாடிய மாலையைக் கழற்றுவதும் நானேதான்.

ஐயோ, பிள்ளையாரப்பா! ஊரையே திட்டினேனே!

நூலை அவிழ்த்தேன். இருவரும் திரையையே பார்த்தோம். உம்பாய் சொன்னது: முன்னூற்று முப்பது.

"வந்துருச்சு!" கவிநேசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குதித்தான். நானும் குதித்தேன், இந்த வயதில்.

உடனே உட்கார்ந்து அவன் மேலாளருக்கு எழுதினேன்: 'தவறு எங்கள் பக்கம். வயரில் மாலை கட்டியது தேவிஸ்ரீயாகிய நான். கண்டுபிடித்தவர் கவிநேசன்.'

"உங்க பேரைப் போட வேணாம்க்கா," என்றான். கண் கலங்கியிருந்தது.

"திட்டும்போது என் பேர் போட்டுத்தானே எழுதுனேன்?"

அந்த மாலையை அவன் வேனுக்கு முன்னால் நானே கட்டிவிட்டேன்.

"வேன் ஓடும்லக்கா?"

"நல்லா ஓடும். சபா பக்கம் மட்டும் போகாது லா."