மண்டூருக்கு நேர்ந்த காசு

கம்சாயினிக்கு நாணயப் பித்துப் பிடித்ததற்கு டெங்குதான் காரணம். பெரியாஸ்பத்திரியில் கிடந்து, செத்துப் பிழைத்து வீடு திரும்பியவளை, கொஞ்ச நாளைக்கு வேலைக்குப் போகக்கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். கட்டிலில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் நிமிர்ந்து உட்கார்ந்து, "அம்மா, பழைய சல்லி ஏதும் கிடக்கா?" என்று கேட்டாள். ஒரு வாய்க் கஞ்சிக்கே கெஞ்சவைத்த பிள்ளை தானாக ஒன்றைக் கேட்கிறாள் என்றால் தாய் சும்மா இருப்பாளா? புஸ்பம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள்.

தையல் பெட்டியில் நெளிந்த விளிம்புப் பத்துச் சதம் அகப்பட்டது. அலுமாரி இழுப்பறையில் சதுர ஐந்து சதம். போதாதற்கு தங்கள் ஊரான நாவற்குடாவில் தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கி, கட்டாரில் இருந்து லீவில் வந்து நின்றவர்களின் பையையும் தடவவைத்தாள். சேர்த்ததையெல்லாம் குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து மகளின் மடியில் கொட்டினாள்.

"ஐயோ அம்மா! என்ன வேல பாத்து வெச்சிரிக்கீங்க?" மகள் தலையில் கை வைத்தாள். "பழைய காசக் கழுவவே கூடாது. அந்தக் கறுப்புத்தான் அதுக்கு மதிப்பு."

"ஊத்தைக்கு மதிப்பா? நல்ல கூத்து புள்ள!"

சிரித்தாலும் புஸ்பம் அன்றோடு பாடம் படித்துக்கொண்டாள். காசை விளிம்பில் பிடிக்கவேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது, ஆண்டைப் பார்த்து அல்பத்தில் அதனதன் பையில் போடவேண்டும். பின்னேரங்களில் தாயும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பூதக்கண்ணாடிக்குள் ராசா தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணவர் நல்லரத்தினம் வேலியடைக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து, "ரெண்டு பேருக்கும் விசர்" என்று சொல்லிவிட்டுப் போவார். புஸ்பத்துக்கு அந்த நாட்கள் பொன்னாக இருந்தன.

ஒரு காசை மட்டும் அவள் மகளுக்குக் கொடுக்கவில்லை. அது வெள்ளி ரூபாய். புஸ்பத்தின் தாய் கழுத்தில் போட்டிருந்த காசுமாலை, இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அரிசியாகவும் பால்மாவாகவும் கழன்று போக, மிஞ்சிக் கிடந்த ஒற்றைக் காசு. கொக்கி ஒட்டியிருந்த இடத்தில், ராசாவின் தலைக்கு மேலே, பயறளவு ஈயத் தழும்பு இருக்கும். கம்சாயினியின் இரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போன அந்த ஆஸ்பத்திரி நாட்களில், புஸ்பம் வீட்டுக்கு ஓடிவந்து குளித்து, மஞ்சளில் நனைத்த துணியில் அந்தக் காசை முடிந்து சாமித்தட்டில் வைத்தாள். 'மண்டூர் முருகா, என்ட புள்ளயத் தா. என்னட்டக் கிடக்கிறதில பெரிசு இதுதான், இத உனக்குத் தாறன்' என்று அழுதாள். மறுநாள் பிள்ளை கண் விழித்துத் தண்ணீர் கேட்டது.

பித்து முற்றியபோது கம்சாயினியின் கண் சாமித்தட்டுக்குப் போகாமல் இருக்குமா?

"அம்மா, அதுக்குப் பதிலா வேற காசு முடியலாம்தானே? சாமிக்கு எல்லாம் ஒண்டுதான்."

"நேந்தது நேந்ததுதான். அந்தக் கதய விடு."

விட்டுவிட்டாள் என்றுதான் புஸ்பம் நம்பினாள்.

ஆவணித் திருவிழாவுக்கு மூன்று பேரும் மண்டூருக்குப் போனார்கள். குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்தார்கள். பாதை என்பது மிதவைதான், மோட்டார் சைக்கிளும் மனிதருமாக ஏற்றிக்கொண்டு அசைந்து அசைந்து போகும். கோயிலில் அந்த ஊர் வழக்கப்படி பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் போக, சனம் மூச்சு விடாமல் நின்றது. புஸ்பம் முடிச்சைக் கண்ணில் ஒற்றினாள். கையில் அது கனமில்லாமல் கிடந்தது. நேர்த்தி நிறைவேறுகிற நேரம், மனப்பாரம் இறங்கினதால்தான் அப்படி என்று நினைத்து அவளுக்கு அழுகை இன்னும் பீறிட்டது. நல்லரத்தினம் அவள் தோளைத் தொட்டு, "போடு புஸ்பம், மனம் நிறைஞ்சு போடு" என்றார். மகள் பக்கத்தில் கைகூப்பி நின்றாள். உண்டியலுக்குள் முடிச்சு விழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரதீஸ் என்கிற பொடியன் கல்லடியில் இருந்து வந்தான். பேஸ்புக்கில் நாணயம் சேர்ப்பவர்களின் குழுவில் கம்சாயினிக்குப் பழக்கமானவன், இந்த விஷயத்தில் நல்ல தேர்ச்சிக்காரன். விறாந்தையில் அல்பத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். புஸ்பம் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

கடைசித் தாளைப் புரட்டிய ரதீஸ், "வெள்ளி ரூபாயும் கிடக்கே!" என்று குனிந்தான். பிறகு உதட்டைப் பிதுக்கினான். "சே, மாலைக் காசு. தலைக்கு மேல ஈயம் வெச்ச அடையாளம் இரிக்கி. சேக்கிற ஆக்கள் இத விரும்பமாட்டாங்க."

கம்சாயினி சட்டென்று அல்பத்தை மூடப் பார்த்தாள். அதற்குள் புஸ்பம் பார்த்துவிட்டாள். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. சின்ன வயதில் தாயின் நெஞ்சில் சாய்ந்து விரலால் தடவித் தடவித் தூங்கின தழும்பு அது.

"குடி மகன், ஆறப்போகுது" என்று தேத்தண்ணியைக் கொடுத்தாள். அவன் சைக்கிள் சந்தி திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

"உண்டியல்ல நான் போட்டது என்ன?"

கம்சாயினி நிலத்தைப் பார்த்தாள். "பத்து ரூபாக் குத்திக் காசு."

"முடிச்சு? அது என்ட முடிச்சுப்போலதானே கிடந்த?"

மகள் எதிர்க் கதிரையில் இருந்த தகப்பனைப் பார்த்தாள். நல்லரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் முடிஞ்சன் புஸ்பம். புள்ள ஆசப்பட்டிட்டு. சாகக் கிடந்து எழும்பின புள்ள கேக்கிறா, எப்பிடி மாட்டன் எண்டு சொல்ற? உனக்குத் தெரிஞ்சா மனவருத்தம் எண்டுதான் சொல்லல்ல."

புஸ்பம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் மாற்றினாள் என்றால் சின்னப் புத்தி என்று நெஞ்சைத் தேற்றலாம். இந்த மனிதர் முப்பது வருடம் கூட வாழ்ந்தவர். அவள் முடிச்சுப் போடுகிற விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியிருக்கிறார். அந்தப் பழக்கத்தை வைத்தே அவளை ஏமாற்றியிருக்கிறார்.

"மனம் நிறைஞ்சு போடு எண்டு சொன்ன நீங்க," என்றாள். "நான் விம்மி விம்மி அழுதன். ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிண்ட நீங்க. நான் ஒருத்திதான் அங்க பொம்ம."

"அப்பிடி இல்ல அம்மா..."

"வேற எப்பிடி?"

நல்லரத்தினம் எழுந்தார். "சரி, இப்ப என்ன? காசு பத்திரமாத்தானே கிடக்கு. நாளைக்கே மூண்டு பேரும் மண்டூருக்குப் போய்ப் போட்டுட்டு வருவம்."

"முதலும் மூண்டு பேரும்தானே போன."

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

கம்சாயினி அழத் தொடங்கினாள். அல்பத்தில் இருந்து காசை எடுத்து, அந்த நேரத்திலும் பழக்கதோஷத்தில் விளிம்பில் பிடித்தபடி, தாயிடம் நீட்டினாள். புஸ்பம் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே தனியாகப் போவதென்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் போய் என்ன சொல்வது? பிள்ளை திருடினாள் என்றா? புருஷன் துணை நின்றான் என்றா? அந்தச் சாமியின் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது, தவறு செய்தவள் அவளே என்பதுபோல.

மகள் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "சாமி கோவிச்சிருவாரா அம்மா? எனக்குத் திரும்ப ஏதும் வருமா?"

பயத்தில் வெளிறிய அந்த முகத்தைப் பார்க்க, கை தானாகத் தலையைத் தடவப் போயிற்று. புஸ்பம் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒண்டும் வராது. சாமி மன்னிச்சிரும்," என்றாள். "அவருக்கு ஆயிரம் புள்ளயள், ஒண்டு பொய் சொன்னா மத்ததப் பாப்பார். எனக்குக் கிடந்தது நீ ஒருத்திதான்."