காரணம் என்ற கட்டத்தில்

என் முதல் குழந்தையை வயிற்றை அறுத்து எடுத்தார்கள். இரண்டாவதை நானே பெற்றெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். மாமியார் இதைப் பிடிவாதம் என்றார். என் கணவர் விஷப்பரீட்சை என்றார். டாக்டரம்மா மட்டும் அதற்குப் பெயர் எதுவும் வைக்காமல், "முயற்சி பண்ணலாம். ஆனா பழைய ஆபரேஷன் குறிப்பு என் கைக்கு வரணும்" என்றார்.

ஏன் என்றும் சொன்னார். வெளியே தழும்பு குறுக்காக இருப்பதை வைத்து, உள்ளே கர்ப்பப்பையையும் குறுக்காகத்தான் வெட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நெடுக்காக வெட்டியிருந்தால் வலி எடுக்கும்போது பழைய தையல் பிரிந்துவிடும் ஆபத்து அதிகம். அப்போது முயற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருத்திக்குத்தான் அப்படி ஆகும். போன தடவை எதற்காக அறுத்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

"அந்த ஒருத்தி யாருன்னு முன்னாடியே தெரியுமா டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர். தெரியாது என்றார் டாக்டரம்மா.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கூண்டின் மேல் ஏறி நின்று இருட்டில் காதை வைத்து வேலை பார்க்கிறவர். அந்தத் தொழிலில் அவர்களுக்கு வேதவாக்கு ஒன்றுதான்: சத்தம் மாறினால் முதலில் நிறுத்து, அப்புறம் யோசி. வீட்டில் வாஷிங் மெஷின் லேசாகக் கரகரத்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். துணி பாதி நுரையோடு கிடக்கும், நான் கத்துவேன்.

எனக்கு மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை. போனை எடுத்தால் "மீட்டரை நான் தொடவே இல்லை" என்று நாளைக்குப் பத்துப் பேராவது சொல்வார்கள். தொட்டவன் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். நிஜத்தைச் சொல்கிறவன் தடுமாறுவான். பொய் சொல்கிறவன் கேள்வி முடிவதற்குள் பதிலைக் கையில் வைத்திருப்பான். ஊரார் பொய்யையெல்லாம் பிடித்த எனக்கு வீட்டுப் பொய் மூன்று வருடமாகக் காதில் விழவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

பழைய ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருந்தது. குறிப்பை வாங்கி வரச் சொல்லி அவரைத்தான் அனுப்பினேன். முதல் வாரம் வேலை அதிகம் என்றார். இரண்டாம் வாரம் அந்த அறை பூட்டியிருந்தது என்றார். மூன்றாம் வாரம் நான் கேட்டு முடிப்பதற்குள், "பழைய காகிதத்தையெல்லாம் எலி தின்னுடுச்சாம்" என்றார். அந்த வேகம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, முப்பத்தேழு வார வயிற்றோடு பஸ் ஏறினேன்.

பழைய கோப்புகள் இருந்த அறையில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். எலிக் கதையைச் சொன்னேன். இங்கே தன் சாப்பாட்டு டப்பாவை வைக்கவே இடமில்லை, எலி எங்கே வந்து குடியிருக்கும் என்றார். என் கோப்பைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை என்றும் சொன்னார். பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நடைபாதையில் நின்றபடியே படித்தேன். வெட்டு: கீழ்ப்பகுதியில், குறுக்காக. நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்த வரி: கர்ப்பவாய் ஏழு சென்டிமீட்டர் திறந்திருந்தது. அதற்கடுத்தது: குழந்தையின் இதயத்துடிப்பு சீர். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். காரணம் என்ற கட்டத்தில், 'கணவரின் வற்புறுத்தலின் பேரில்' என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

அன்றைக்கு ஒன்பது மணி நேரம் வலியில் கிடந்தேன். பிறகு என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றி உருட்டிக்கொண்டு போகும்போது அவர் கூடவே ஓடி வந்து, "குழந்தையோட துடிப்பு குறையுது, அதான்" என்றார். அதை நம்பினேன். என் உடம்பு ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தது என்று மூன்று வருடம் நம்பினேன். என் மூத்த குட்டிக்கு ஜலதோஷம் பிடித்தால்கூட அன்றைக்கு மூச்சு முட்டியதால்தானோ என்று உள்ளுக்குள் குமைந்திருக்கிறேன். அத்தனையும் வெறும் காற்று. பஸ்ஸில் வீடு திரும்பும்வரை ஆத்திரம் அடங்கவில்லை.

சாயங்காலம் என் முகத்தைப் பார்த்ததுமே மாமியார் குட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே தெருவுக்குப் போய்விட்டார். காகிதத்தைச் சமையலறை மேடைமேல் வைத்தேன்.

"துடிப்பு சீரா இருந்துச்சுன்னு போட்டிருக்கு. நீ என்கிட்ட என்ன சொன்ன?"

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவரை நீ என்று சொன்னது அன்றுதான். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஒன்பது மணி நேரம் கத்திட்டிருந்த. அது பழகிடுச்சு. அப்புறம் திடீர்னு சத்தம் மாறுச்சு. அடித்தொண்டையில இருந்து, நீ கத்துற மாதிரியே இல்ல. என்னால முடியல. நிறுத்தச் சொன்னேன்."

"நான் என்ன லிஃப்டா?"

தான் சொல்லித்தான் அறுத்தார்கள் என்று தெரிந்தால் நான் மன்னிக்க மாட்டேன் என்று பயந்து பொய் சொன்னாராம். அந்தப் பயம் சரிதான், மன்னிக்கவில்லை என்றேன். இரண்டு நாள் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

டாக்டரம்மா குறிப்பைப் படித்துவிட்டு நல்ல வெட்டு, நல்ல தையல், தாராளமாக முயற்சி பண்ணலாம் என்றார். ஆனால் வலி தொடங்கியதிலிருந்து வயிற்றில் மானிட்டரைக் கட்டியே வைத்திருப்பார்கள். ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும். கிளம்பும்போது, அடித்தொண்டைச் சத்தம் எதற்கு வரும் என்று கேட்டேன். கர்ப்பவாய் முழுசாகத் திறக்கப்போகிறது, குழந்தை கீழே இறங்கப்போகிறது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிருக்கிறது. பக்கத்தில் நின்ற என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பிரசவ அறைக்குள் ஒருவர் கூட இருக்கலாம். மாமியாரைக் கேட்டேன். அங்கே தான் மயங்கி விழுந்தால் நர்ஸுக்கு இரட்டை வேலை என்று ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் என் கணவரிடம், "வரலாம். வாயைத் திறந்தா வெளியே போயிடணும்" என்றேன். சரி என்றார்.

முப்பத்தொன்பதாவது வாரம், ஒரு விடியற்காலையில் வலி தானாகவே வந்தது. பதினோரு மணிக்கு ஏழு சென்டிமீட்டர். எண் காதில் விழுந்ததும் அவர் என்னைப் பார்த்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் என்னிடமிருந்து வந்தது. எனக்கே அது வேறு யாரோ போலத்தான் கேட்டது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்துப்போயின. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டு என்றார் நர்ஸ். இன்னும் கொஞ்சம்தான் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

அப்போது மானிட்டரின் தாளம் தொய்ந்தது. நர்ஸ் என்னை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார். டாக்டரம்மா வேகமாக உள்ளே வந்தார். வலி வந்து போன பிறகும் அடிவயிற்றில், தழும்பு இருந்த இடத்தில், ஒரு வலி மட்டும் போகாமல் நின்றது. அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"குழந்தையோட துடிப்பு குறையுதும்மா. திரும்ப ஏறல" என்றார்.

வார்த்தைக்கு வார்த்தை அதே பேச்சு. சூடு கண்ட பூனை நான், எப்படி நம்புவேன்? இவர்கள் எல்லோரும் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது. படுத்திருந்த இடத்திலிருந்து எனக்கு மானிட்டர் திரை தெரியவில்லை. டாக்டர், நர்ஸ் தவிர, அது தெரிகிற இடத்தில் நின்றவர் என் கணவர் ஒருவர்தான். போயும் போயும் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

"நிஜமா?"

அவர் திரையைப் பார்த்தார். "எண்பத்தஞ்சு... இல்ல, எண்பது. இப்ப எழுபத்... எழுபத்தெட்டு. முன்னாடி நூத்தி நாப்பது இருந்துச்சு. நான்... எனக்குத் தெரிஞ்சத சொல்றேன், அவ்வளவுதான்." நாக்கு குழறியது. பொய்யென்றால் இப்படிக் குழறியிருக்காது.

ஒரு சின்ன டாக்டர் படிவத்தோடு ஓடி வந்து, பழக்கதோஷத்தில் அவரிடம் நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவகிட்ட கேளுங்க."

டாக்டரம்மா என் முகத்துக்கு நேரே குனிந்தார். "பழைய தையல் பிரியுதோன்னு சந்தேகப்படுறேன். இப்பவே எடுத்தா நல்லது. என்னம்மா சொல்ற?"

"அறுங்க. சீக்கிரம் அறுங்க" என்றேன்.

சந்தேகம் சரியாகவே இருந்தது. தையல் ஓரத்தில் பிரியத் தொடங்கியிருந்ததாம். இருநூறு பேரில் அந்த ஒருத்தி நான்தான். குழந்தை பிறந்ததும் அழவில்லை, கொஞ்சம் தாமதித்துத்தான் அழுதது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எத்தனை தடவை செத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பையன். மறுநாள் வந்த மாமியார், "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தார். என் கணவர் அவரை மேலே பேசவிடவில்லை.

மாமியார் குட்டியோடு கிளம்பிய பிறகு அறையில் நாங்கள் மட்டும் இருந்தோம். அவர் மெல்ல, இத்தனை வாரம் அவ்வளவு பிடிவாதமாக இருந்துவிட்டு எப்படி ஒரே நொடியில் சரி என்றாய் என்று கேட்டார்.

"என்கிட்ட கேட்டாங்க, சொன்னேன்."

ஆனால் எனக்கு விஷயம் அதோடு முடியவில்லை.

"அன்னிக்கும் எனக்குப் போதும் போதும்னுதான் இருந்துச்சு. நீங்க என்கிட்ட கேட்டிருந்தா, அறுத்துடுங்கன்னு நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. அது எனக்கு இனி எப்பவுமே தெரியப்போறதில்ல."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பக்கத்துத் தொட்டிலில் பையன் பாலுக்குச் சிணுங்கினான். என்னால் புரளக்கூட முடியவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், குழந்தையைத் தூக்கி என் பக்கத்தில் படுக்க வைத்தார்.