பிரௌனிக்காகப் பூட்டிய கதவு

டிசம்பர் வந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், எனக்குத் தலைவலி. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் நாள் முழுக்க மாரடித்துவிட்டு, இருட்டத் தொடங்கும்போது வீடு திரும்பினால் தெருவில் கிறிஸ்துமஸ் பாட்டோடு கேரல் பார்ட்டி நிற்கும். எங்கள் நந்திதுர்க்கில் எத்தனை சபை உண்டோ அத்தனை கேரல் பார்ட்டி. வாசலுக்கு வாசல் பாட்டு, டிரம், கேக், அதற்குப் பிறகு ஒரு சரவெடி. ஆண்டவர் பிறந்த சேதியைச் சத்தமில்லாமல் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் திருப்தி வராது.

எங்கள் நாய் பிரௌனிக்கு வெடி என்றால் பாதி உயிர் போய்விடும். போன வருடம் ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. அதனால் இந்த முறை கால்நடை மருத்துவர் சொன்னதையெல்லாம் செய்தேன். உள் அறை ஜன்னலைக் கம்பளியால் மூடினேன். வெளிச் சத்தம் தெரியாமலிருக்க ரேடியோவைப் பாட வைத்தேன். கட்டிப்போட்டால் பயத்தில் இழுத்துக் கழுத்தை நெரித்துக்கொள்ளும் என்றார், அவிழ்த்தே விட்டேன். கழுத்துப் பட்டையில் என் செல் நம்பரை எழுதினேன். மிச்சமிருந்தது அப்பாதான்.

"அப்பா, நான் வர்ற வரைக்கும் இவன் உள்ளயே இருக்கட்டும். யாரு வந்தாலும் கதவத் தொறக்காதீங்க."

"இன்னாத்துக்குத் தொறக்கப் போறேன்? நீ போம்மா, ரயிலு போயிடும்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் நான் திரும்பியபோது வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அப்பா லுங்கியோடு, செருப்பில்லாமல், நடுத்தெருவில் நின்றார். பக்கத்து வீட்டு வின்னி அக்கா அவர் கையைப் பிடித்திருந்தார்.

"எவனோ செவுத்துக்குப் பின்னால பெரிய வெடிய வெச்சுட்டான் சாரா. தகரமெல்லாம் ஆடிப்போச்சு. அங்கிள் 'எல்லாம் வெளிய வாங்க'ன்னு கத்திக்கினே ரெண்டு கதவையும் தொறந்துட்டாரு. நாயி ஒரே ஓட்டம்."

எனக்குப் புரிந்தது. இங்கே தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். குலுங்கிய நொடியே கதவைத் திறந்து எல்லோரும் தெருவுக்கு ஓட வேண்டும், கூரைக்கு அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. சின்ன வயதில் அப்பா என்னைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பூமி அடங்கிவிட்டது, அப்பா அடங்கவில்லை.

"அவனும் உள்ள மாட்டிக்கக் கூடாதுன்னுதான் சாரா…" என்று இழுத்தார் அப்பா.

அலைச்சல், பசி, பயம் எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது. "இன்னா வேல பண்ணி வெச்சிருக்க நீ? ஒரு கதவ மூடி வெக்கத் தெரியாதா உனக்கு?"

அப்பாவை நான் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. வின்னி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா உள்ளே போனார்.

செல் வெளிச்சத்தில், சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டின் அடிவாரம்வரை போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். மறுநாள் லீவு போட்டு, பேத்தமங்களா ரோடுவரை கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. செல்லும் அடிக்கவில்லை. கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு மூடியபடியே இருந்தது. பனிக்காற்று நேராக வீட்டுக்குள் வந்தது.

"கதவச் சாத்துங்கப்பா."

"சாத்திட்டா அவன் எப்டி உள்ள வருவான்?"

வாதாட எனக்குத் தெம்பில்லை. போய்ப் படுத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸ் காலையில் சர்ச்சுக்குச் சேலை கட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். அப்பாவின் நாற்காலிக்கு அடியில் பிரௌனி படுத்திருந்தது. உடம்பெல்லாம் சேறு, முன்னங்காலில் வெட்டு. அப்பா குனிந்து தன் துண்டால் அந்தக் காலைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை ஏன் கூப்பிடவில்லை என்று நான் கேட்கவில்லை. பாதி கட்டிய சேலையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்று ஆராதனைக்குப் போகவில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் உள் அறையில் இருந்தோம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிரௌனி தலையை என் பாதத்தில் வைத்துத் தூங்கிப்போயிருந்தது. எனக்கும் கண்ணைச் சொருகியது.

டமார் என்றது. தலைக்கு மேல் தகரம் அதிர்ந்தது.

நினைவு வந்தபோது நான் கதவருகே நின்றிருந்தேன். என் கை தாழ்ப்பாளைப் பாதி இழுத்திருந்தது. காலுக்கருகே பிரௌனி, காதை ஒட்டிக்கொண்டு, இடுக்கு கிடைத்தால் பாய்வதற்குத் தயாராக நின்றது.

"சாரா."

அப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"வெடிதாம்மா. வந்து ஒக்காரு."

தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டேன். வெட்கமாக இருந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மன்னிச்சிக்கோங்கப்பா" என்றேன்.

அவர் பிரௌனியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "அந்த ரேடியோவக் கொஞ்சம் சத்தமா வையி" என்றார்.