எருமைக்குப் போய்ச் சேராத கட்டளை

நாடகத்தில் அம்மா செத்துப்போகிற இடத்தில் பதினாறு நொடி மௌனம். பார்த்துப் பார்த்து அந்த மௌனத்தில்தான் எருமை கத்தித் தொலைத்தது. ஒரு நாள் என்றால் போகட்டும், அடுத்தடுத்து இரண்டு நாள். முன்வரிசையில் யாரோ சிரித்தேவிட்டார்கள். இயக்குநர் கோபப்படவில்லை. "இன்னைக்கு சாயங்காலமும் இப்படி ஆச்சுன்னா, நாளையிலேருந்து பதிவு பண்ணின இசையைப் போட்டுக்கறேன்மா. நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்" என்றார்.

எருமை என்பது அக்காவும் தம்பியும் தங்கள் பழைய சின்தசைசர் என்கிற மின்னிசைப் பெட்டிக்கு வைத்த பெயர். தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். அக்கா இசையைக் கணினியில் அமைத்து வைப்பாள். எந்த சுரம் எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் ஒரு மிடி கேபிள் வழியாக எருமைக்குப் போகும். தம்பி மேடையோரம் நின்று அதன் குமிழ்களைத் திருப்பி ஒலிக்கு மெருகு சேர்ப்பான். 'தொடங்கு' போய்ச் சேர்ந்து 'நில்' மட்டும் தொலைந்துபோனால் என்ன ஆகும்? கத்திக்கொண்டே இருக்கும், வேறென்ன.

"கேபிள்தான் கா" என்றான் தம்பி.

"கேபிளும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ சும்மா சும்மா குமிழ நோண்டறதுதான்."

அவன் புதுக் கேபிள் வாங்கக் கிளம்பினான்.

அக்கா ஒத்திகை அறையில் தனியாக உட்கார்ந்து, கணினியிலிருந்து போகிற கட்டளைகளின் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். ஒரே ஒரு சுரத்தை வாசிக்க வைத்தாள். 'தொடங்கு', 'நில்' என்று இரண்டே இரண்டு வரிதான் வர வேண்டும். இருநூறு வரி சரசரவென்று ஓடியது. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மூன்று மாதத்துக்கு முன் அவளே செய்து வைத்த வேலை அது. தம்பி குமிழ்களை இஷ்டத்துக்குத் திருப்புகிறான் என்று, ஒவ்வொரு தாளவட்டத்தின் முதல் அடியிலும் எல்லாக் குமிழ்களையும் தான் குறித்த அளவுக்கே திருப்பிவிடும்படி கணினியில் எழுதி வைத்திருந்தாள். அவனிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் குதிப்பானே. அந்தக் கேபிளில் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். அத்தனையும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தால் பழைய பெட்டி பாவம், வாங்க முடியாததை விட்டுவிடும். மௌனம் தொடங்குவதும் ஒரு முதல் அடியில்தான். 'நில்' அந்த நெரிசலில் தொலைந்திருக்கிறது.

எழுதி வைத்ததை அழித்தாள். பத்துத் தடவை வாசிக்க வைத்தாள். பத்துத் தடவையும் எருமை சொன்ன இடத்தில் நின்றது.

தம்பி வந்து புதுக் கேபிளை மாட்டினான், வாசிக்கவிட்டான், நின்றது. "நான்தான் சொன்னேன்ல" என்று சிரித்தான். அக்கா "ம்" என்றாள். அவன் சொன்னதே சரியென்று இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

அவன் ஒரு குமிழைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தான். இன்னொன்றைத் திருப்பினான். மறுபடி காத்திருந்தான்.

"அக்கா, குமிழும் சரியாயிடுச்சு."

"அதுக்கு என்ன?"

"மூணு மாசமா நான் எதத் திருப்பினாலும் உடனே பழையபடி போயிடும். பெட்டியில கோளாறுன்னு ரெண்டு தடவ கழட்டி சால்டர் வச்சேன். அப்பவும் அப்படியேதான். சரி, நமக்குத்தான் கை வரலன்னு நெனச்சுக்கிட்டேன். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. இந்த நாடகத்தோட விட்டுடலாம்னு இருந்தேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கேபிள் இல்லடா" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றுவிடாமல்.

அவன் குமிழிலிருந்து கையை எடுத்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

சாயங்காலம் அந்த மௌனம் வந்தது. எருமை நின்றது. பதினாறு நொடியும் அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அது முடிந்து இசை தொடங்கியபோது, தம்பி ஒரு குமிழை அவள் ஒருநாளும் வைக்காத அளவுக்குத் திருப்பினான். அக்காவின் கை தானாக மவுஸுக்குப் போயிற்று. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.