நீங்க சரியா யூஸ் பண்ணல

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் வரவேற்பு மேசை அவளுடையது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு வந்தால், கோளாறு எங்கே என்று பிடிபடவில்லை என்று அர்த்தம். அதை வெளியே சொன்னால் கடை மானம் கப்பலேறிவிடும். அதனால் "நீங்க சரியா யூஸ் பண்ணல" என்று கூசாமல் சொல்லிவிடுவாள். வந்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

அவளுடைய மகளுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த வாரம், வீட்டில் நிபுணர்களுக்குப் பஞ்சமே இல்லை. தடுப்பூசியும் காரணமில்லை, வளர்ப்பும் காரணமில்லை, மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, மிச்சம் இன்னும் முழுசாகத் தெரியாது என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். பாவம், படித்துப் படித்தே வயதைத் தொலைத்தவருக்குத் தெரியாதது, பல் தேய்த்தபடி வீடியோ பார்த்த நாத்தனாருக்குத் தெரிந்திருந்தது. தடுப்பூசியேதான் என்றாள்.

மரபணு என்றதும் கணவரின் பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. "எங்க வம்சத்துல அப்படி யாரும் கிடையாது" என்றார், வாசலில் கிடந்த செருப்புகளை நிறவாரியாக, இம்மி பிசகாமல் அடுக்கியபடி. குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து கடைசி ஜோடியை லேசாக நகர்த்தியது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. வயிற்றுப்பிள்ளையோடு இவள் வேலைக்குப் போனதுதான் காரணம். இனி வீட்டோடு இருக்க வேண்டும். கணவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவள் தலை தானாகக் குனிந்தது. அந்தக் குனிவை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், கடையில் தன் மேசைக்குப் பின்னாலிருந்து. நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது.

நிமிர்ந்தாள். "என் பொண்ணு ரிப்பேருக்கு வந்த மெஷின் இல்ல. ஏன்னு டாக்டருக்கே முழுசாத் தெரியல. தெரியாத இடத்துல எல்லாம் என் பேரை எழுதாதீங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்."

போனாள். முதல் ஆளாக ஒரு பெண் வந்து நின்றாள். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். முதலாளி கண்ணைக் காட்டினார்.

"கோளாறு எங்கன்னு எங்களுக்குத் தெரியலம்மா" என்றாள் இவள். "நீங்க எந்தத் தப்பும் பண்ணல."

அந்தப் பெண் நகரவில்லை. கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாமியாரிடம் போட்டுக் காட்ட வேண்டுமாம், இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.